நாற்பது தப்படி

சர்வோ மோட்டாரின் தலையில் பழைய கையை வைத்து அழுத்திப் பார்த்தான் முனியராஜ். உட்காருவது போல் உட்கார்ந்து, திருப்பியதும் வழுக்கியது.

தீப்பெட்டி அளவே இருக்கும் அந்த மோட்டார்தான் ரிமோட் வண்டியின் முன்சக்கரங்களைத் திருப்ப வேண்டும். அதற்குப் பல் இருபத்தைந்து. சக்கரத்தோடு அதை இணைக்கிற பழைய கைக்கு இருபத்து மூன்று.

ஓங்கி ஒரு தட்டு தட்டினால் ஏறிவிடும். பொம்மை வண்டியாக இருந்தால் தட்டியே இருப்பான்.

இது பொம்மை வண்டி இல்லை. கலவை அறையிலிருந்து, பட்டாசுக்குள் மருந்து திணிக்கிற செலுத்து அறைக்கு வெடிமருந்துத் தட்டைச் சுமக்கப்போகிற வண்டி. இப்போது அந்தத் தட்டைச் சுமப்பவள் அவன் மனைவி பொன்மணி. நாற்பது தப்படி தூரம், நாளைக்கு இருபது நடை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே பட்டாசு ஆலையில், பொன்மணியின் அக்கா செல்வலட்சுமி அப்படி ஒரு நடையிலிருந்து திரும்பவில்லை. கால் தடுக்கித் தட்டோடு விழுந்துவிட்டாள் என்று விசாரிக்க வந்தவர்களிடம் சொன்னவள் பொன்மணிதான். சற்றுத் தள்ளிப் பின்னால் வந்துகொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். அந்த வெடிச் சத்தத்தில் அவளுக்கு இடது காது கேட்காமல் போயிற்று.

அன்றிலிருந்து முனியராஜுக்கு ஒரே நினைப்பு. தடுக்காத காலாக ஒன்று வேண்டும்.

சாத்தூரில் செல்போன் பழுது பார்ப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று சிரித்தவர்கள் உண்டு. அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இது மூன்றாவது சர்வோ. முதலில் வாங்கியதில் பிளாஸ்டிக் பல். மருந்துக்குப் பதிலாக ஏழு கிலோ மணலை ஏற்றியதும் மழுங்கிவிட்டது. இரண்டாவதுக்கு வண்டியின் பேட்டரி போதவில்லை. காய்ச்சல் கண்டவன் மாதிரி வெடவெடத்து மணலைக் கொட்டியது. இதை மட்டும் இழுவை, வோல்ட், உட்காரும் பள்ளத்தின் நீள அகலம், திருகு ஓட்டைவரை அளந்து எழுதிவைத்துக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்திருந்தான். பல்லை எண்ணத்தான் விட்டுவிட்டான்.

நல்லவேளை, பெட்டியிலேயே அதற்கென்று ஒரு கை கிடந்தது.

ரிமோட்டைப் போட்டான். சர்வோ ஒருமுறை முனகி நடுவில் வந்து நின்றது. நின்ற பிறகுதான் புதுக் கையை மாட்டித் திருகை முடுக்கினான். அவசரப்பட்டு முதலிலேயே மாட்டினால் வண்டி காலமெல்லாம் ஒருபக்கமாக இழுக்கும்.

ஆலைக்கு அன்று லீவு. மணலை வைத்து ஓட்டிக் காட்ட ஃபோர்மேன் சங்கரலிங்கம் சம்மதித்திருந்தார். ஒரு பிடி சிந்தினாலும் வண்டியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்பது பேச்சு.

அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மோட்டாரும் பேட்டரியும் இறுக அடைத்த டப்பாவுக்குள் இருந்தன. குலுங்காமல் போகத் தடித்த ரப்பர் சக்கரம் போட்டிருந்தான். அவருக்குக் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

பிறகு செலுத்து அறைக்குள் போய் நின்றுகொண்டார். போகும்போது வாசல் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் போனார். லீவு நாளானால் என்ன, உடம்பில் ஏறிய மின்சாரம் மண்ணுக்கு இறங்கியாக வேண்டும்; இல்லாவிட்டால் ஒரு பொறியில் மருந்து பற்றிக்கொள்ளும். அது பழகின கை.

வண்டி கிளம்பியது.

மேட்டில் ஏறியது. வேப்பமரத்தடியில் வளைந்தது. ரிமோட்டோடு முனியராஜும் கூடவே பொன்மணியும் பின்னால் நடந்தார்கள். மணல் அசையவில்லை.

நாற்பது தப்படியும் தாண்டி, வாசல்படியின் சரிவில் ஏறி, செலுத்து அறைக்குள் போய் நின்றது. சங்கரலிங்கம் குனிந்து தட்டையும் பார்த்தார், தரையையும் பார்த்தார். ஒரு பொட்டு மணல் இல்லை. நாளைக்கே முதலாளியிடம் சொல்லிவிடுவதாகச் சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டு கேட் பக்கம் நடந்தார்.

முனியராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. இனி இவள் சுமக்க வேண்டாம். திரும்பிப் பொன்மணியைப் பார்த்தான்.

அவள் வண்டியைப் பார்க்கவில்லை. வாசலில் இருந்த செம்புத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் உள்ளங்கை உயரத்தில் ஒரு தேய்மானம். அதற்குக் கீழே முழங்கை உயரத்தில் இன்னொன்று. இரண்டு கையிலும் தட்டு இருக்கிறவர்கள் முழங்கையால் தொட்டுத் தேய்ந்த இடம்.

"எல்லாரும் இதத் தொட்டுட்டுதான உள்ள வாரோம். ஒங்க வண்டி எதத் தொட்டுச்சு?"

முனியராஜ் ரப்பர் சக்கரங்களைப் பார்த்தான். அளந்ததெல்லாம் வரிசையாக நினைவில் ஓடியது. இது அதில் இல்லை. ஒரு செம்புச் சங்கிலியைக் கட்டித் தரையில் இழுபட விட்டால் ஆயிற்று என்று சொல்ல வாயெடுத்தான்.

அவள் தன் முழங்கையைத் தகட்டில் வைத்தாள். எடுக்கவில்லை.

யாரிடமும் சொல்லாததைச் சொல்கிற குரலில், தப்பு அக்கா தலையில் விழுந்துவிடக் கூடாதே என்றுதான் விசாரணையில் அப்படிச் சொன்னதாகச் சொன்னாள். பிறகு சொன்னாள்.

"அக்காளுக்குக் கால் தடுக்கலைங்க. அன்னைக்கு அவ இதத் தொடல."