பாட்டில்லாத நேரலை

பேண்டுக்காரர் ஊதத் தூக்கிய டிரம்பெட்டின் வாயை ஓடிப்போய்க் கையால் பொத்தினாள் மரகதம்.

“அண்ணே, சினிமாப் பாட்டு வேணாம்! நேரலை போய்க்கினு இருக்குது. நாலு வரி கேட்டாலே கட் பண்ணிடுவான். அப்புறம் மவன் அப்பன் மூஞ்ச எப்டிப் பாப்பான்?”

“சாவுக்கு வந்து ஊதாம, நான் என்ன மொய் வெக்கவா வந்தேன்?” என்று முறைத்துவிட்டு அவர் உட்கார்ந்தார்.

டொரண்டோவில் இருக்கும் குணாளனுக்கு விசா கிடைக்கவில்லை. இறந்துபோன அப்பா தணிகாசலத்தின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க மரகதத்தின் கேமராதான் வழி. உரிமை வாங்காத பாட்டு ஒன்று நேரலையில் கசிந்தால், நிறுவனம் உடனே துண்டித்துவிடும்; அன்று முழுக்க அந்த வீட்டுக்கு இணைப்பே கிடையாது. அதனால் சாவு வீட்டில் படம் பிடிப்பதைவிடப் பாட்டை அடக்குவதுதான் அவளுக்குப் பெரும்பாடு.

எதிர்வீட்டு டி.வி.யை நிறுத்த வைத்தாள். ஆட்டோக்காரரிடம் ரேடியோவை அணைக்கச் சொல்லிக் கெஞ்சினாள். இதற்கிடையே காதில் மாட்டியிருந்த கருவியில் குணாளனின் அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது. தினம் ஒரு வீட்டு அழுகை. தாங்க முடியாமல் கருவியைக் கழற்றிப் பையில் போட்டாள்.

தெரு வாயடைத்து நின்றது. வாய்க்கரிசி போடத் தொடங்கினார்கள். கேமராவை முகத்தருகே கொண்டுபோனாள்.

திரை கறுத்தது.

“எவன்யா பாடினது?” என்று கத்தினாள். யாரும் பாடவில்லை என்று எல்லோரும் கையை விரித்தார்கள்.

கறுத்த திரையில், அதே இணைப்பின் மறுமுனையிலிருந்து பாடியவரின் பெயர் வந்தது. அழுகையை நிறுத்திவிட்டு, அப்பாவுக்குப் பிடித்த பாட்டை டொரண்டோவிலிருந்து பாட ஆரம்பித்திருந்தான் குணாளன்.