இனிப்புக் குப்பி

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், தாயே. அபிராமம் சந்தைக்கு ஒருத்தி நன்றி சொல்லப் போன கதை. சின்னக் கதைதான், ஆனால் வயிற்றை நிறைக்கும்.

நயா பைசா வந்த வருஷம். இடுப்பில் ஆறு மாதப் பிள்ளையோடு டானிக்காரர் முன்னால் நின்றாள் செவ்வந்தி. கையில் தேங்காய் பழத் தட்டு. தட்டில் ஒரு காலிக் குப்பியும் இருந்தது. பக்கத்து வீட்டு நாகலெட்சுமி முழுகாமல் இருக்கிறாள், அவளுக்கும் டானிக் வாங்கி வா என்று மாமியார் இருளம்மாள் கொடுத்துவிட்டது.

செவ்வந்திக்கு இதற்கு முன் இரண்டு, வயிற்றில் தங்கவில்லை.

மூன்றாவது உண்டானதும் இருளம்மாள்தான் இந்த மனுஷரிடம் டானிக் வாங்கினாள். பயில்வான் படம் ஒட்டிய குப்பி. எல்லாம் பச்சிலை, கெடுதலே கிடையாது, கூடக் குடித்தால் கூடப் பலம் என்றார் அவர். ஒரு மூடிக்கு மூன்று மூடியாக ஊற்றினாள் இருளம்மாள்.

செவ்வந்திக்கு வயிற்றைப் பிசைந்தது. வாந்தி நிற்கவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது.

உடம்பிலிருக்கிற கெட்டதெல்லாம் வெளியேறுகிறது, நல்லதுதான் என்றாள் மாமியார். கெட்ட மனசில்லை, பேரப்பிள்ளை ஆசை.

ஐந்தாம் நாள் செவ்வந்தியின் புருஷன் சோணைமுத்து குப்பியை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனான். பெற்றவளை எதிர்த்து ஒரு சொல் பேசாதவன். திரும்பி வந்து, இது ஒசத்தி ரகம், மாற்றிக் கொடுத்தார்கள் என்றான். ஒரே ஒரு பத்தியம். குடிக்கிறவள் வீட்டில் எல்லோருக்கும் முந்தி வயிறாரச் சாப்பிட வேண்டும். முட்டை, முருங்கைக்கீரை, புதுமடத்து மீன். இல்லையென்றால் மருந்து முறிந்துவிடும்.

அந்த வீட்டில் மருமகள் கடைசியாகச் சட்டியை வழித்துத் தின்கிறவள். மருந்து என்றதும் இருளம்மாளே கும்பாவில் முதல் சோற்றைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தின்னவைத்தாள்.

புது மருந்து இனித்தது. கருப்பட்டியும் சுக்குமாக மணத்தது. கசப்புத் தெரியாமலிருக்கக் கலந்திருப்பார்கள் என்று செவ்வந்தி நினைத்துக்கொண்டாள். வாந்தி நின்றது. முகம் தெளிந்தது. பிள்ளை தங்கியது.

இதையெல்லாம் சொல்லி, உங்கள் இனிப்பு மருந்துதான் என் குலத்தைக் காத்தது என்று தட்டை நீட்டினாள்.

டானிக்காரர் முழித்தார்.

"நம்மகிட்ட இனிப்பே கெடையாதும்மா. கசப்பு ஒண்ணுதான். அதுவும் வெறும் வயித்துல குடிக்கிறது."

செவ்வந்தி திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு கடை தள்ளிக் கருப்பட்டிக் கடையில் நின்றான் கூட வந்த சோணைமுத்து. வாழ்நாளில் கருப்பட்டியையே பார்க்காதவன் போல ஒரு வட்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

நீட்டிய தட்டை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"ஆளு மாறிப்போச்சுண்ணே, கோவிச்சுக்கிறாதீக."

நேரே போய்ச் சோணைமுத்துவின் கையில் தட்டைக் கொடுத்தாள். அவன் காது மடல் சிவந்தது. பிள்ளை எட்டி அவன் மீசையைப் பிடித்து இழுத்தது.

செவ்வந்தி காலிக் குப்பியை எடுத்து அவன் துண்டில் செருகினாள்.

"நாகலெட்சுமிக்கும் ஒசத்தி ரகமே வேணும். பத்தியத்த அவ மாமியாகிட்ட நீங்களே போயிச் சொல்லிருங்க."

சோணைமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் இரண்டு வட்டு கருப்பட்டியும் ஒரு கை சுக்கும் கட்டச் சொன்னான்.

உங்கள் வீட்டிலும், தாயே, அடுப்படியில் நிற்கிறவளுக்கு முதல் சோறு சூடாகக் கிடைக்கட்டும். அதைப் பார்த்துப் போட ஒரு கை இருக்கட்டும். பிள்ளைகுட்டியோடு தழைத்திருங்கள்.