அடுத்த மெசின்

"சத்தத்தைக் கூட்டு தம்பி, அப்பா போன் எடுக்கிற நேரம்" என்று ஜெனீற்றா குசினியில் இருந்து மகனிடம் கத்தினாள்.

மிரோஜன் பாயில் கிடந்தபடியே ரிமோட்டைக் காலால் இழுத்தான். கிழமை முழுக்கக் கடலில் நின்றவன். பூசை முடிந்து வந்தபிறகு ஞாயிறு ஒருநாள்தான் அவனுக்கு நித்திரை.

ரீவியில் பதினொரு பேர் ஒரு பந்தை வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். அவர்களை ஓட்ட ஆளில்லை. சனத்தின் ஆரவாரம் மட்டும் வீட்டை நிறைத்தது.

மாமனின் வள்ளத்தில் ஏறிய அன்றைக்கே அவன் விளையாட்டை விட்டுவிட்டான். அதை அப்பாவிடம் சொல்லக்கூடாது என்பது ஜெனீற்றாவின் கட்டளை.

அந்தக் கேம் மெசினைப் புருஷன் லியோன் பாரிஸில் இருந்து அனுப்பியபோது பொடியனுக்கு ஒன்பது வயது. பார்சலைப் பிரித்துவிட்டு, அப்பா ஏன் வரவில்லை என்று அழுதான். அடுத்த மெசின் வரேக்கை நானே கையிலை கொண்டு வாறன் என்று லியோன் போனில் சொன்னான்.

பிள்ளைக்குச் சொன்ன சொல். பிடித்துக்கொண்டது ஜெனீற்றா.

பொடியன் விளையாடுவதில்லை என்று தெரிந்தால், கொண்டுவர ஒன்றும் இல்லை என்றாகிவிடும். கொண்டுவர ஒன்றும் இல்லாவிட்டால் அந்த மனுசன் எதற்கு வருவார்? இப்படித்தான் அவள் மனம் ஓடியது. இங்கே தான் ஒருத்தி இருப்பதை அவள் யோசிக்கவேயில்லை.

அதனால்தான் ஊர்காவற்றுறையில் மீன் வெட்டிக் கொடுக்கிற ஒரு பொம்பிளை, ஒரு கேம் மெசின் எத்தனை வருஷம் ஓடவேண்டும் என்று வேலணையில் போன் திருத்துகிற ரஜீபனோடு மல்லுக்கட்டினாள். பத்து வருஷம் ஓடினால் சனத்துக்குக் காசு மிச்சம் என்பது அவன் கட்சி. ஐந்துக்கு மேல் ஒருநாளும் கூடாது என்பது இவள் கட்சி.

"அக்கா, நீங்கள் கொம்பனியிலை பங்கோ வைச்சிருக்கிறீங்கள்?" என்று அவன் சிரிப்பான்.

அடுத்த மெசினும் சந்தைக்கு வந்தது. வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. லியோனுக்கும் அங்கே நிரந்தரமாய் இருக்க விசா காட் கிடைத்துவிட்டது, ஊருக்கு வந்துபோக ஒரு தடையும் இல்லை. முதலில் கடைகளில் சாமான் இல்லை என்றான். பிறகு விலை கூட என்றான். பிறகு, பழசுக்கே இன்னும் கேம் வருகுது, என்ன அவசரம் என்றான்.

புது மெசினை யூரியூப்பில் பார்க்காமல் ஜெனீற்றாவுக்கு ஒருநாளும் போகாது. பெட்டியைப் பிரிப்பது, வயர் கொழுவுவது, பொத்தானை அமத்த அது மெல்ல இசைத்துக்கொண்டு எழும்புவது. மீன் செதில் ஒட்டிய கையால் திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கே கொண்டுபோய் விடுவாள். அந்தச் சத்தம் இந்த வீட்டில் கேட்கிற நாளில் அவரும் இந்த வீட்டில் இருப்பார்.

போன் அடித்தது. வீடியோ இல்லை. வைஃபை காணாது என்று லியோன் வீடியோவில் வருவதேயில்லை.

"தம்பி விளையாடுறான் போலை" என்றான்.

"ஓம், எந்தநேரமும் அதோடைதான். பழசு இப்ப சரியாச் சூடாகுது, பாவம்."

"ஒரு மெசின் எண்டால் பத்துப் பன்னிரண்டு வருஷம் வைச்சுப் பாவிக்கோணும். இஞ்சை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் புதுசு வாங்கேல்லை."

அவன் சொல்லி வாய் மூடவில்லை. அவன் பக்கத்தில் இருந்து அந்தச் சத்தம் வந்தது. மெல்ல இசைத்துக்கொண்டு எழும்புகிற சத்தம்.

வேறு யாராவது என்றால் கவனித்திருக்கமாட்டார்கள். ஜெனீற்றா போனைக் காதோடு அழுத்தினாள்.

வாங்கிவிட்டார்! வாங்கி வைத்துக்கொண்டு பச்சைப் பொய் சொல்கிறார். சொல்லாமல் கொள்ளாமல் வந்து படலையில் நிற்கப்போகிறார். நத்தார்ப் பூசைக்கோ? அதற்கும் முதலோ? வீட்டுக்கு வெள்ளை அடிக்கவேண்டும். சிரிப்பை அடக்கமுடியாமல் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா, கெதியா வாங்கோ, உங்கடை முறை!" என்றது ஒரு சின்னக் குரல்.

அந்தப் பக்கம் போனை யாரோ பொத்தினார்கள். பிறகு லியோனின் குரல் வந்தது. ரீவிச் சத்தம் என்றான்.

"ஓம்" என்றாள் ஜெனீற்றா. சாப்பிட்டாரா என்று வழக்கம்போலக் கேட்டாள். வைத்தாள்.

ரீவியில் பதினொரு பேரும் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் போய் மெசினின் வயரைப் பிடுங்கினாள். வீடு சட்டென்று அமைதியானது. அந்த அமைதியில்தான் மிரோஜன் கண் விழித்தான்.

"அப்பா என்னவாம்?"

"நீ படு தம்பி" என்றாள். "இனிச் சத்தம் தேவையில்லை."