தெருவுக்கே ஒரு பிறந்தநாள்

"வீட்டுக்கே ஒரே பிறந்தநாளா? யாருக்கு மிருதுளா காது குத்துறே?"

"வீட்டுக்கு இல்ல சார்" என்றாள் மிருதுளா. "தெருவுக்கே."

அனந்தகிருஷ்ணன் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டினார். தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வரை நெரிசலில் வெந்து வந்த முகம். கணக்கெடுப்புக் குழுவின் மேற்பார்வையாளர் அவர். மிருதுளா போன வாரம்தான் சேர்ந்தவள்.

வருமானம் எவ்வளவு, வாகனம் எத்தனை என்று கேட்கிற கணக்கெடுப்பு அல்ல அது. ஓர் ஊர் எவ்வளவு சம்பாதிக்கிறது என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு நன்றாக வாழ்கிறது என்று அளக்கும் வேலை. பத்துப் படிகள் உள்ள ஏணிப் படத்தைக் காட்டி, 'உங்கள் வாழ்க்கை இப்போது எந்தப் படியில் இருக்கிறது?' என்று கேட்க வேண்டும். வீட்டில் யாரைக் கேட்பது என்பதற்கும் ஒரு விதி உண்டு. அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருகிறதோ அவரை. இல்லாவிட்டால் எல்லா வீட்டிலும் வாய் உள்ளவர்களே பேசிவிடுவார்கள்.

அந்த விதிதான் இந்தத் தெருவில் வந்து முட்டிக்கொண்டது. கணவனுக்கும் அதே தேதி, மனைவிக்கும் அதே தேதி. பக்கத்து வீட்டிலும் அதே. ஏன் என்று கேட்டால், "அது அப்படித்தாம்மா" என்று சிரித்தார்கள். வேறொரு நாட்காட்டி புழங்கும் ஏதோ தேசத்துக்குள் வழிதவறி வந்துவிட்டது போல அவளுக்குக் காலையிலிருந்தே ஒரு மயக்கம்.

"சரி, பிறந்தநாளை விடு. ஏணியைப் பாரு" என்று டேப்லெட்டை நீட்டினார் அனந்தகிருஷ்ணன். "ஒன்பது, பத்து, ஒன்பது, ஒன்பது. ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு அபார்ட்மென்ட் பார்த்தோம். நீச்சல்குளம், ஜிம் எல்லாம் இருக்கு. ஒருத்தர்கூட அஞ்சுக்கு மேல ஏறல. இங்க ஒழுங்கா ரோடே இல்ல. இவங்க ஒன்பதாவது படியில நிக்கிறாங்களா?"

"அவங்க சொன்னதைத்தான் சார் போட்டேன்."

"டீக்கடையில உக்காந்து நீயே போட்டுட்டேன்னு நான் சொல்றேன்."

"நெஜமாவே போனேன் சார். மூணு வீட்டுல காபி குடுத்தாங்க."

"அதுக்குத்தான் பத்து குடுத்தியா?" அவர் சிரிக்கவில்லை. "வா, அடுத்த வீட்டுல நானே கேக்கறேன். நீ பொய் சொல்லியிருந்தா இந்தத் தெரு மொத்தத்தையும் அழிச்சிடுவேன். நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேண்டாம்."

அவளுக்கு அது முதல் வேலை. பொய்க்காரி என்ற பெயரோடு வீட்டுக்குப் போவதா?

கேட்டைத் திறந்தது பட்டு மாமி.

"இந்த வீட்டுல அடுத்த பிறந்தநாள் யாருக்கு மாமி?" என்று கேட்டார் அனந்தகிருஷ்ணன்.

"எனக்கும் எங்காத்துக்காரருக்கும். டிசம்பர்ல, ஒரே நாள்" என்றாள் மாமி. "எதுத்த வீட்டு ஏகநாதனுக்கும் அன்னிக்குத்தான். பந்தல் போட்டுக் கேக் வெட்டுவோம். எங்களுக்காக முட்டை போடாத கேக். நீங்களும் வாங்கோ!"

"ஸ்கூல்ல சேர்க்கிறப்ப வாத்தியார் போட்ட தேதியா? அதுன்னா எல்லாருக்கும் ஜூன்லல்ல வரும்?" என்றார் அவர்.

அதற்குள் எதிர் வீட்டிலிருந்து லுங்கியை மடித்துக் கட்டியபடி ஏகநாதன் வந்துவிட்டார். இந்த மனைகளெல்லாம் வயலாக இருந்த காலத்திலிருந்து இங்கேயே இருப்பவர். காலையில் மிருதுளாவிடம் முதலில் பதில் சொன்னவரும் அவர்தான்.

"இன்னா மாமி, பஞ்சாயத்து?"

"நம்ம பொறந்தநாளை சார் நம்ப மாட்டேங்கறார்."

"ஆதார் இருக்கா?" என்றார் அனந்தகிருஷ்ணன்.

"கீது சார். அதுல ஏப்ரல்னு போட்டுகீது."

"உங்களுக்கு மாமி?"

"ஆகஸ்ட்."

அனந்தகிருஷ்ணன் மிருதுளாவின் பக்கம் திரும்பினார். "போதுமா?" அவர் விரல் டேப்லெட்டில் 'அழி' என்ற பொத்தானுக்கு மேலே போய் நின்றது.

மிருதுளாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏண்ணா என்கிட்ட பொய் சொன்னீங்க?"

"பொய்யா?" ஏகநாதனின் முகம் மாறியது. "நீ இன்னாம்மா கேட்ட? பொறந்த நாள் எதுன்னு கேட்ட. ஆதார்ல இன்னா கீதுன்னு கேட்டியா?"

ஏகநாதன் தன் வீட்டு மொட்டை மாடியைக் கை நீட்டிக் காட்டினார்.

"டிசம்பர் ரெண்டு, ரெண்டாயிரத்துப் பதினஞ்சு. வெள்ளம். தெரு சனம் மொத்தமும் அங்க நின்னுகினு இருந்தோம். கீழ வூட்டை முழுங்கிடுச்சு தண்ணி. அதுக்கு முன்னால எனக்கும் மாமிக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது சார். காம்பவுண்ட் செவுத்துத் தகராறு. தெருவுல பாதிப் பேரு பேரே எனக்குத் தெரியாது."

"விடியறச்சே ஒரு படகு வந்தது" என்றாள் பட்டு மாமி. அவள் குரல் தணிந்திருந்தது. "ஆறு பேர்தான் ஏறலாம், திரும்பி வர முடியுமான்னு தெரியாதுன்னான். மாமிய ஏத்துங்கன்னு இவன் கத்தறான். உன் பொண்டாட்டி புள்ளத்தாச்சி, அவ போகட்டும்னு நான் கத்தறேன். அவ, பக்கத்து வீட்டுப் பெரியவர் போகட்டும்கறா. யாராவது ஏறித் தொலைங்களேன்னு படகுக்காரன் அழறான். அத்தனை பேர்ல ஒருத்தர்கூட முதல்ல ஏறலை சார். நாங்க பொறந்தது அன்னிக்குத்தான்."

அனந்தகிருஷ்ணன் விரலை எடுத்துக்கொண்டு, டேப்லெட்டை மிருதுளாவின் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"மீதி வீட்டையும் முடிச்சிடும்மா" என்றார். "இந்தத் தெருவுல யார் கதவைத் திறந்தாலும் சரி, அவங்களையே கேளு."