நான்காவது பாட்டில் வரும் குரல்

ஸ்டூடியோ ஆல்பம் என்பது ஸ்டூடியோவில் பதிவாவது என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இந்தப் பிழையைத் திருத்தாமல் கதைக்குள் நுழைவது நியாயமாகாது. ஸ்டூடியோ ஆல்பம் என்பது ஜார்ஜ்டவுன் அடுக்குமாடி ஒன்றின் பின்னறையில், சுவரோரம் பழைய மெத்தைகளைச் சாத்திவைத்துப் பதிவாவது.

சிவநேசனின் 'மூணாவது ஷிஃப்ட்' ராக் குழு அப்படித்தான் செய்தது. அத்தனை பேருக்கும் மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஃபேக்டரி வேலை. எல்லாருக்கும் சேர்ந்தாற்போல ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில்தான் பாட்டு.

மெத்தைகள் உள்சத்தத்தை வெளியே விட்டன. நடுநிலை தவறாமல் வெளிச்சத்தத்தையும் உள்ளே விட்டன. அதனால் நான்காவது பாட்டின் கடைசியில், கிட்டார் ஓய்ந்த இடத்தில், ஒரு பெண்குரல் விழுந்துவிட்டது.

"நாளெல்லாம் ஃபேக்டரி, வீட்டுக்கு வந்தும் ஃபேக்டரியாடா? மனுசங்க தூங்க வேணாமா?"

பக்கத்து வீட்டு ஜெகதீஸ்வரி அக்கா. விடியற்காலையில் பாசார் சந்தையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்றுவிட்டு மத்தியானம் கண்ணயர்பவர்.

"அழிச்சிடவா அண்ணே?" என்றான் டிரம்ஸ் வாசிக்கும் கோகிலன்.

"தொடாதே. இதுதான்டா பாட்டு," என்றான் சிவநேசன்.

அவன் கணக்கு தப்பவில்லை. அந்த ஒரு பாட்டை முன்னாலேயே இணையத்தில் விட்டார்கள். கெப்பாலா பத்தாஸிலிருந்து சுங்கை பாக்காப் வரை பிள்ளைகள் அந்தத் திட்டைச் சேர்ந்து கத்தினார்கள். 'கலைஞனைச் சமூகம் எப்படித் துரத்துகிறது என்பதற்கு இந்தக் குரலே சாட்சி' என்று ஒரு விமர்சகர் எழுதினார். சிவநேசனுக்கு அந்த வரி மனப்பாடம்.

வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. குறுந்தட்டைப் போட்டுக் கேட்க இப்போது யார் வீட்டிலும் கருவி இல்லை. ஆனாலும் வெளியீடு என்றால் முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ள ஒரு பிரமுகர் வேண்டும். அவர் கையில் கொடுக்க ஏதாவது வேண்டும். பிரமுகர் மாலையோடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, முன் வரிசையைப் பாருங்க," என்றான் கோகிலன்.

ஜெகதீஸ்வரி அக்கா. பட்டுச் சேலை, கட்டிய கை. பக்கத்தில் கணவர்.

"யாருடா கூப்பிட்டது?"

"யாரும் கூப்பிடல. அதான் பயமா இருக்கு."

"கேஸ் போடுவாங்களோ?"

"பட்டுச் சேலை கட்டிக்கிட்டு யாருண்ணே கேஸ் போட வருவா? மேடையிலேயே முடிச்சிடுவாங்க லா."

நான்காவது பாட்டு வந்தது. கிட்டார் ஓய்ந்ததும் மண்டபமே எழுந்து, "வீட்டுக்கு வந்தும் ஃபேக்டரியாடா?" என்று கத்தியது. சிவநேசனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருஷ உழைப்புக்கு இது போதும் என்று நினைத்தான்.

ஜெகதீஸ்வரி அக்காவும் எழுந்தார். படியேறி வந்து மைக்கைப் பிடித்தார்.

"அக்கா, கேக்காம போட்டது தப்புதான்..."

"போட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லலையே தம்பி. பாட்டு நல்லாத்தான் இருக்கு. இதோ, எங்க வீட்டுக்காரரு ஓயாம அதைத்தான் போட்டுக் கேக்கறாரு."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆனா பாசார்ல என்னைய எப்படிப் பேசறாங்க தெரியுமா? பாடற புள்ளைங்களைத் துரத்தற பொம்பளையாம். பக்கத்துக் கடை நோர்மாகூட, 'ஏன்க்கா அப்படிப் பண்ணுன'ன்னு கேக்கறா. பசிச்சு வந்த ஆளை நான் இன்னிவரைக்கும் சும்மா அனுப்புனதில்ல. என்னையப் போய்." சிவநேசன் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு நான் சொன்னது அவ்வளவுதானா?"

சிவநேசன் கிட்டார் தந்தியைத் திருகத் தொடங்கினான். அது சுருதியோடுதான் இருந்தது.

"கோகிலா, நீ சொல்லுப்பா. திட்டிட்டு அப்புறம் என்ன சொன்னேன்?"

கோகிலன் குச்சிகளைக் கீழே வைத்தான்.

"'சாப்பிட்டீங்களாடா? மீன் குழம்பு வச்சிருக்கேன், வந்து எடுத்துட்டுப் போங்க'ன்னு சொன்னீங்க."

"எடுத்தீங்களா?"

"எடுத்தோம்க்கா."

"சோறு?"

"அதுவும்தான்."

"அது எங்கப்பா பாட்டுல?"

கோகிலன் சிவநேசனைப் பார்த்தான். மண்டபமும் பார்த்தது.

அன்றைக்கு மைக்கில் எல்லாமே பதிவாகியிருந்தது. வெட்டியவன் சிவநேசன். புரட்சிப் பாட்டில் மீன் குழம்புக்கு என்ன வேலை என்று, அந்தக் குழம்பைச் சாப்பிட்ட கை காய்வதற்குள் கணினியில் உட்கார்ந்து வெட்டினான்.

"சத்தம் தாங்கல, திட்டுனேன். நாளைக்கும் திட்டுவேன்," என்றார் அக்கா. "எங்க பக்கத்து வீட்டுப் புள்ளைங்க ஆல்பம் போட்டிருக்குன்னு பாசார் பூரா சொல்லிக்கிட்டுத் திரியறவளும் நான்தான். பாதி ஆளை மட்டும் பாட்டுல வச்சா எப்படி தம்பி?"

சிவநேசன் கிட்டாரைக் கழற்றி வைத்தான். தாம்பாளத்தில் இருந்த முதல் குறுந்தட்டை இரண்டு கையாலும் எடுத்து அக்காவிடம் நீட்டினான்.

அக்கா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

பிரமுகருக்கு இரண்டாவது தட்டு கிடைத்தது.

ஆல்பத்தின் மறுபதிப்பில் நான்காவது பாட்டு மீன் குழம்பில் முடிகிறது.