கெட்கோவின் பங்கு

விஸ்துலா ஆறு உறைந்துபோன குளிர்காலத்தில் எங்கள் மடத்துத் துறவி கெட்கோ இறந்தார். வழக்கப்படி ஒரு மாதம் தினமும் உணவறையில் அவர் இடத்தில் சாப்பாடு வைத்து, பிறகு அதை வாசலில் ஏழைகளுக்குக் கொடுப்போம். வாசலைக் கவனித்த சகோதரர் சுலிஸ்லாவ் கிண்ணத்தோடு போனார்.

அங்கே தோப்ரவா என்ற கைம்பெண் மகளோடு நின்றாள். "இப்பத்தானே வாங்கினோம் சாமி. ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பாரே, அவரு குடுத்தாரு."

அப்படி நடந்தவர் கெட்கோ ஒருவர்தான்.

"பசியில உளறாதம்மா" என்றார் சுலிஸ்லாவ். சிறுமியின் உதட்டில் பார்லிக் கஞ்சி ஒட்டியிருந்தது.

மறுநாள் அவர் வாசல் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மனம் எதிலும் நிலைக்கவில்லை. ஜெபத்தின் நடுவே எழுந்துபோய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தார். மதியம் கதவைத் திறந்தபோது தோப்ரவா மட்டும் நின்றாள்.

"பாப்பா எங்க?"

"குளிருல நடுங்குறாளேன்னு அந்தச் சாமிதான் கதவத் திறந்து உள்ள கூட்டிட்டுப் போனாரு. நல்ல மனுசன்."

சுலிஸ்லாவ் உணவறைக்கு ஓடினார். கெட்கோ உட்காரும் இடத்தை விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் சிறுமி உட்கார்ந்திருந்தாள். சாப்பிடும்போது நாங்கள் பேசுவதில்லை. எது வேண்டுமானாலும் கைச்சைகையால்தான் கேட்போம். அவள் அந்தக் காலி இடத்தைப் பார்த்து, எங்களைப் போலவே விரல்களை மடக்கி, இன்னும் கொஞ்சம் ரொட்டி கேட்டுக்கொண்டிருந்தாள்.