பூட்டிக் கிடந்த துப்பாக்கி

தேர்தல் அறிவித்ததும் மருதாசலம் தன் லைசென்ஸ் துப்பாக்கியைக் கொண்டுபோய்ப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தார். ஓட்டு எண்ணி முடியும்வரை அது அங்கேதான் பூட்டிக் கிடக்கும்; சட்டம் அப்படி. காட்டுப்பன்றிகளுக்கும் அது தெரியும்போல. மக்காச்சோளம் பால் பிடித்த வாரத்தில் மலையிலிருந்து குடும்பத்தோடு இறங்கின. விடியற்காலைப் பனியில் வரப்பில் நின்ற மருதாசலம், மனசு கேட்காமல், வெறுங்கைகளைத் துப்பாக்கி பிடிப்பதுபோல உயர்த்தினார். இல்லாத மரப்பிடியில் கன்னத்தைச் சாய்த்து, விரலை மெல்ல மடக்கினார். மலையடிவாரம் முழுக்க வேட்டுச் சத்தம் உருண்டு போனது. பன்றிகள் சிதறி ஓடின. அவர் தோள் விண்விண்ணென்று தெறித்தது.

வெயில் ஏறுமுன் ஏட்டு சவரிமுத்து வந்துவிட்டார்.

"துப்பாக்கி உங்ககிட்டதானுங்களே இருக்குது?" என்றார் மருதாசலம்.

"பூட்டுனது பூட்டுனபடிதான் இருக்குது. காலைல தொட்டுப் பாத்தேன், குழல் சுடுது."

ஏட்டு மருதாசலத்தின் வலதுகையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "ஓட்டு எண்ணி முடியற வரைக்கும் அந்த விரலையும் ஸ்டேஷன்ல வச்சுட்டுப் போங்க. ரசீது தர்றேன்."

மருதாசலம் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். சோளத்துக்குள் பன்றிகள் தட்டைகளை முறிக்கும் சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கியது.